மூன்று பாட்டு, மூன்று விதமான விளம்பரம்: கைக்காசு போட்டுப் பார்த்த அனுபவம்

லேபிள் கிடையாது, மேனேஜர் கிடையாது. நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடி, மிக்ஸிங்கை மட்டும் வெளியே கொடுத்து வாங்கி, விநியோகத் தளம் ஒன்றின் மூலம் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் என்று எல்லா இடத்திலும் ஏற்றிவிடுகிறவள் நான். ஒரு வருடத்துக்குள் மூன்று பாட்டு வெளியிட்டேன். மூன்றுக்கும் சொந்தக் காசில் விளம்பரம் செய்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வழியில். தொடங்கும்போது இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், ஆனால் கண்ணில் பட்டதில் பாதிக்கு மேல் கோர்ஸ் விற்கிறவர்கள் எழுதியது. காசு கட்டியவர் உட்கார்ந்து என்ன நடந்தது என்று எழுதியது ரொம்பக் குறைவு. அதனால் இதை எழுதுகிறேன்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாகிராமை வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்தின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜரைக் கற்றுக்கொண்டு நீங்களே ஓட்டினால் போட்ட காசுக்குக் கேட்பவர்கள் கிடைப்பார்கள். யூடியூப் விளம்பரம், பார்க்கும்படியான வீடியோ இருந்தால் மட்டும். 'இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் உறுதி' என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அந்தக் கடைசி வகையில்தான் நான் தொடங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இதே மாதிரி நூறு இருக்கின்றன, எல்லாத் தளமும் ஒரே அச்சில்தான் இருக்கும். முதல் பாட்டு வந்த வாரம், ஒரு நாளைக்கு ஏழு பேர், எட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். அந்த நிலையில் 'உண்மையான ரசிகர்கள், உண்மையான பிளேலிஸ்ட்' என்று ஒருவர் எழுதியிருந்தால் நம்பத்தான் தோன்றும். கட்டினேன். நான்காம் நாள் காலையில், பாடுகிறவர்கள் தங்கள் பாட்டின் கணக்கைப் பார்க்கும் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆப்பைத் திறந்தால் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. ஆயிரக்கணக்கில் ஸ்ட்ரீம், ஆனால் பாட்டைச் சேமித்து வைத்தவர்கள் இரண்டே பேர். கேட்டவர்களில் பெரும்பகுதி ஒரே நகரத்திலிருந்து, என் பாட்டின் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஊர் அது. ஆளுக்கு ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம் கணக்கு. அந்தப் பாட்டில் நான் வாய் திறக்கவே 26 நொடி ஆகும். அந்த ஆயிரக்கணக்கானவர்களும் என் குரலை நான்கு நொடிக்கு மேல் கேட்டிருப்பார்களா என்று நினைத்தபோது வயிறு எரிந்தது.

அதோடு முடியவில்லை. 'ரசிகர்கள் இவர்களையும் கேட்கிறார்கள்' என்று என் பக்கத்தில் வந்த பட்டியலைப் பார்த்தால் எனக்குச் சம்பந்தமே இல்லாத கலைஞர்கள். அவர்களும் அதே கடையில் காசு கட்டியவர்களாகத்தான் இருக்க வேண்டும், அதே போட் (தானியங்கிப் போலி) கணக்குகள் எங்கள் எல்லாரையும் வரிசையாக ஓட்டியிருக்கின்றன. எனக்கு ஸ்ட்ரீம் எண்ணிக்கையைவிட இதுதான் பெரிய நஷ்டமாகப் பட்டது. யாருக்கு என் பாட்டைப் பரிந்துரைக்கலாம் என்று தளம் கற்றுக்கொள்வது, யார் கேட்டார்கள், அவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்பதை வைத்துத்தானே. அந்தப் பாடத்தையே நான் காசு கொடுத்துக் குழப்பி வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து விநியோகத் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது, செயற்கையான ஸ்ட்ரீம் கண்டுபிடிக்கப்பட்டதாகவும் பாட்டைத் தளங்களிலிருந்து நீக்குவதாகவும். 2024 முதல், இப்படி அப்பட்டமான போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் ஸ்பாட்டிஃபை ஒவ்வொரு பாட்டுக்கும் லேபிளிடமோ விநியோகஸ்தரிடமோ அபராதம் வசூலிக்கிறது. விநியோகஸ்தர் அதைச் சும்மா விட மாட்டார், நம் தலையில்தான் வந்து விழும். 'எனக்குத் தெரியாமல் நடந்தது' என்று சொல்லிப் பயனில்லை, காசு கட்டியது நாம்தானே.

இரண்டாவது பாட்டுக்கு இனி எந்தத் தரகரும் வேண்டாம் என்று முடிவெடுத்து, இன்ஸ்டாகிராமில் ரீல் போட்டு அதற்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனை அழுத்தினேன். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, நான்தான் தவறானதைக் கேட்டேன். விளம்பர முறையின் அடிப்படையே இதுதான்: நீங்கள் என்ன நோக்கம் என்று சொல்கிறீர்களோ அதைச் செய்யக்கூடிய ஆட்களை அது தேடிப் பிடிக்கும். லைக், கமென்ட் மாதிரியான ஈடுபாடு வேண்டும் என்றால், எதைப் பார்த்தாலும் இதயத்தைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் கிடைப்பார்கள். எனக்கும் கிடைத்தார்கள், ரீலில் இதயங்கள் குவிந்தன. அந்த வாரம் பாட்டைக் கேட்டவர்களின் எண்ணிக்கையோ ஆடவில்லை அசையவில்லை. இன்ஸ்டாகிராமிலிருந்து வெளியே போய் இன்னொரு ஆப்பில் ஒரு பாட்டைக் கேட்கிற ஆள் வேறு, ரீலைப் பார்த்து லைக் போடுகிற ஆள் வேறு என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னொன்று, ரீலில் பாட்டை இன்ஸ்டாகிராமின் மியூசிக் பட்டியலிலிருந்து எடுத்துச் சேர்த்தால் பூஸ்ட் செய்வதில் உரிமைச் சிக்கல் வரும். சொந்தப் பாட்டாகவே இருந்தாலும் வீடியோவை எடிட் செய்யும்போதே ஒலியை அதில் பதித்துவிட்டு ஏற்றுவதுதான் தலைவலி இல்லாத வழி.

சரி, மூன்றாவது பாட்டு. இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆட்ஸ் மேனேஜர் என்பது கணினியில் திறக்க வேண்டிய தனிப் பக்கம், முதல் தடவை பார்க்கும்போது விமானி அறைக்குள் போனது போல இருக்கும். மூன்று மாலைப் பொழுதுகள் உட்கார்ந்தால் பழகிவிடும். இதில் பாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சூட்சுமம் ஒன்றுதான். ஸ்பாட்டிஃபைக்குள் போய் ஒருவர் என்ன செய்தார் என்பது மெட்டாவுக்குத் தெரியாது, ஏனென்றால் அதன் கண்காணிப்புக் குறியீடான பிக்சலை அங்கே நம்மால் வைக்க முடியாது. அதனால் நடுவில் நமக்கென்று ஒரு லேண்டிங் பேஜ் வேண்டும். பாட்டின் அட்டைப்படம், 'ஸ்பாட்டிஃபை', 'ஆப்பிள் மியூசிக்', 'யூடியூப்' என்று மூன்று பட்டன், அவ்வளவு போதும். ஃபீச்சர்.எஃப்எம், ஹைப்பெடிட் மாதிரியான சேவைகளில் இதை அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். பிக்சலை அந்தப் பக்கத்தில் போட்டு, பட்டனை அழுத்துவதைத்தான் கன்வர்ஷனாகக் கணக்கு வைக்கச் சொல்ல வேண்டும். விளம்பரத்தைத் தொட்டவரை வேண்டாம், பக்கத்துக்கு வந்து பட்டனையும் அழுத்தியவரைத் தேடு என்று இப்போது நாம் சொல்லிவிட்டோம். கைதவறிச் சொடுக்குகிறவர்கள் இந்த இரண்டாவது படியிலேயே கழன்றுகொள்வார்கள். ஒரு கிளிக்குக்கு ஆகும் செலவு கூடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். பூஸ்டில் வந்த மலிவான கிளிக்குகளை நான் பார்த்துவிட்டேன், அவற்றில் பாட்டைக் கேட்டவர் யாரும் இல்லை.

ஐபோன் வைத்திருப்பவர்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு முழுமையாக இருக்காது. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5-இலிருந்து, ஓர் ஆப் நம்மைப் பின்தொடரலாமா என்று போனே கேட்கிறது, பலர் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். பிக்சலோடு கன்வர்ஷன்ஸ் ஏபிஐ என்கிற சர்வர் வழித் தொடர்பையும் சேர்த்தால் விட்டுப்போனதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். லேண்டிங் பேஜ் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் இந்த வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த பெரிய தப்பு, காசைப் பிரித்தது. மூன்றாவது பாட்டின் முதல் வாரத்தில், கையில் இருந்த சின்னத் தொகையை ஐந்து ஆட் செட்டுக்கு, அதாவது ஆளுக்கேற்ற தனித்தனி விளம்பரப் பிரிவுக்கு, பங்கு போட்டேன்: ஒன்று மெலடி ரசிகர்களுக்கு, ஒன்று இண்டி ரசிகர்களுக்கு, ஒன்று இந்த வயதுக்காரர்களுக்கு என்று. பார்க்க ரொம்ப அறிவாளித்தனமாக இருந்தது. ஆனால் ஓர் ஆட் செட், வாரத்துக்குச் சுமார் 50 கன்வர்ஷன் கிடைத்தால்தான் 'லேர்னிங்' என்று சொல்லப்படுகிற கற்கும் நிலையைத் தாண்டும். ஐந்தும் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே வரவில்லை, ஐந்தும் கடைசி வரை கற்றுக்கொண்டே இருந்தன. இரண்டாம் வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஆட் செட், அதற்குள் மூன்று வீடியோ என்று மாற்றினேன். மாற்றியபிறகு நான்கு நாள் கைவைக்கவில்லை. அந்த நான்கு நாள் கைவைக்காமல் இருப்பது இருக்கிறதே, அது ஒரு தவம். காலையில் செலவு ஏறினால் நிறுத்தத் தோன்றும், மாலையில் இறங்கினால் தொகையைக் கூட்டத் தோன்றும். பெரிதாக எதை மாற்றினாலும் அது மறுபடி முதலிலிருந்து கற்கத் தொடங்கிவிடும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு கன்வர்ஷனுக்கு ஆன செலவு, ஐந்தாகப் பிரித்து வைத்திருந்தபோது ஆனதில் பாதிக்கும் கீழே வந்து நின்றது.

விளம்பரம் எங்கே தெரிய வேண்டும் என்பதையும் நானே தேர்ந்தெடுத்தேன். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், ஸ்டோரி, ஃபீட், அவ்வளவுதான். ஆடியன்ஸ் நெட்வொர்க் என்று வெளி ஆப்களில் காட்டும் இடத்தை எடுத்துவிட்டேன். விளையாட்டு ஆப்பில் அடுத்த கட்டத்துக்குப் போகும் அவசரத்தில் இருப்பவருக்கு என் பாட்டு ஓர் இடைஞ்சல், கேட்கும் மனநிலையில் அவர் இருக்க மாட்டார். அப்புறம் மொழி. நாடுகளை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு மொழியை விட்டுவிட்டால், கிளிக் மலிவாகக் கிடைக்கும் பக்கமாகவே காசு ஓடிவிடும். பாட்டில் வார்த்தைதான் முக்கியம் என்றால், அந்த மொழி தெரிந்தவர்கள் என்று கட்டாயம் வரையறுத்துவிடுங்கள். வார்த்தையே இல்லாத கருவி இசை செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்கள் உலகம் முழுக்கப் போகலாம்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் வீடியோ சரியில்லை என்றால் ஒன்றும் நடக்காது. மூன்று வீடியோ போட்டேன் என்றேன் அல்லவா, ஒன்று நல்ல கேமராவில், விளக்கு வைத்து, நண்பர்கள் இரண்டு பேரின் உதவியோடு எடுத்தது. இரண்டாவது, பாடல் வரிகள் திரையில் ஓடுவது. மூன்றாவது, குரல் பதிவு செய்த அன்று மைக்குக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து எடுத்தது, ஒரு காதில் ஹெட்ஃபோன், இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு பாடுகிறேன். பல்லவிக்கு முந்தின வரியின் கடைசிச் சொல்லில் மூச்சு தீர்ந்துபோய்க் குரல் லேசாகத் தேய்கிறது, ஒரு கணம் எல்லாக் கருவியும் நிற்கிறது, அப்புறம் பல்லவி விழுகிறது. அந்த வரியில் தொடங்கிப் பல்லவியின் இரண்டாம் அடியில் முடிகிற 15 நொடித் துண்டு அது. காசு முழுக்க அந்த மூன்றாவது வீடியோவுக்கே போக ஆரம்பித்தது, அமைப்பே அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. விளக்கு வைத்து எடுத்த வீடியோவில் முதல் மூன்று நொடி நான் நடந்து வருகிறேன், பாட்டு தொடங்கவே இல்லை. விரலால் தள்ளிவிட மூன்று நொடி தாராளம். அதையே வெட்டி, நேராகப் பாட்டில் தொடங்கும்படி மாற்றி ஏற்றினேன், கணிசமாக முன்னேறியது. அதனால் போனில் எடுத்தால்தான் ஓடும் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. பாட்டின் எந்த இடத்தைக் காட்டுகிறோம், எத்தனை சீக்கிரம் காட்டுகிறோம் என்பதில்தான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. உங்கள் பாட்டில் அப்படி ஓர் இடம் எது என்று தெரியவில்லை என்றால், விளம்பரத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டி அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். நான் ஸ்ட்ரீம் எண்ணிக்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முதல் பாட்டு அதற்குப் பாடம் கற்றுக்கொடுத்துவிட்டது. நான் பார்ப்பது மூன்று: கேட்டவர்களில் எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் தங்கள் பிளேலிஸ்ட்டில் போட்டார்கள், ஓர் ஆள் சராசரியாக எத்தனை தடவை கேட்டார். இந்தப் பாட்டில் ஐந்தில் ஒருவர் சேமித்தார், ஆளுக்குச் சராசரி இரண்டு தடவைக்கு மேல். மூன்றாம் வாரத்திலிருந்து, நான் விளம்பரம் செய்யாத இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், ஸ்பாட்டிஃபையின் ரேடியோவிலும் ஆட்டோபிளேயிலும் பாட்டு தானாக வர ஆரம்பித்திருந்தது. கருத்துப் பெட்டியில் ஒருவர் இரண்டாம் சரணத்தின் ஒரு வரியை எழுதி, 'இது சரியாகக் காதில் விழுந்ததா, வேறு வார்த்தையா' என்று கேட்டிருந்தார். விளம்பரத்தில் அந்தச் சரணமே கிடையாது.

போட்ட காசு திரும்புமா என்றால், ஸ்ட்ரீமிங் வருமானத்தில் திரும்பாது. எனக்குப் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை. ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று ஸ்பாட்டிஃபையில் நிலையான தொகையே கிடையாது, மொத்த வருமானத்தில் நம் பங்கு எவ்வளவோ அவ்வளவு, அது மிகச் சிறியது. போதாததற்கு 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டு உரிமத்தொகைக் கணக்கிலேயே சேராது. அந்த ஆயிரத்தைத் தாண்ட விளம்பரம் உதவும், லாபம் பார்க்க உதவாது. மேடை நிகழ்ச்சி, டி-ஷர்ட், பாட்டுச் சொல்லித்தருவது என்று வேறு வருமானம் எதையாவது நோக்கிக் கேட்பவர்களைச் சேர்க்கிறோம் என்றால்தான் இந்தச் செலவுக்குக் கணக்கு வரும். மாதத்தில் தொலைந்தாலும் தூக்கம் கெடாத தொகை எதுவோ அதை மட்டும் போடுங்கள், கடன் வாங்கிப் போடவே போடாதீர்கள்.

யூடியூபைப் பற்றிச் சுருக்கமாக. இதே மூன்றாவது பாட்டுக்குப் பத்து நாள் ஓட்டினேன். வீடியோவுக்கு முன்னால் வந்து ஐந்து நொடியில் தள்ளிவிடக்கூடிய விளம்பரத்தில் எண்ணிக்கை சீக்கிரம் ஏறும். 30 நொடி பார்த்தாலோ, அதைவிடச் சின்ன வீடியோ என்றால் முழுக்கப் பார்த்தாலோ காசு போகும். ஆனால் அவர் பார்க்க வந்தது வேறு வீடியோவை, நம்முடையது குறுக்கே வந்தது. தேடல் முடிவிலும் பரிந்துரைப் பட்டியலிலும் சிறு படமாகத் தெரிகிற இன்-ஃபீட் விளம்பரம் எனக்கு ரொம்பப் பிடித்தது, எண்ணிக்கை கொஞ்சம்தான், ஆனால் அவராக விரும்பித் தொட்டு வருகிறார், அங்கிருந்து வந்தவர்கள்தான் சப்ஸ்கிரைப் செய்தார்கள். 2019 செப்டம்பரிலிருந்து, விளம்பரம் வழியே வந்த பார்வைகளை யூடியூப் தன் மியூசிக் சார்ட் கணக்கில் சேர்ப்பதில்லை. சாதனை எண்ணிக்கைக்காக யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். அத்தோடு, உங்கள் விநியோகஸ்தர் பாட்டை யூடியூபின் உரிமை கண்டறியும் முறையான கன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தால் உங்கள் சொந்த வீடியோவின் மீதே உரிமைக் கோரல் வந்து நிற்கும். விளம்பரம் தொடங்கும் முன்பே அவர்களிடம் சொல்லி உங்கள் சேனலை விலக்கிவைக்கச் சொல்லுங்கள்.

ஸ்பாட்டிஃபைக்குள்ளேயே இருக்கும் டிஸ்கவரி மோட் பலருக்குக் குழப்பமாக இருக்கிறது. அதற்கு முன்பணம் கிடையாது. ரேடியோ, ஆட்டோபிளே மாதிரியான இடங்களில் பாட்டுக்கு முன்னுரிமை கொடுத்து, அந்த இடங்களில் வரும் ஸ்ட்ரீம்களின் உரிமத்தொகையில் 30 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே கொஞ்சம் கேட்பவர்கள் இருக்கும் பழைய பாட்டுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். சப்மிட்ஹப், க்ரூவர் இரண்டும் விளம்பரம் அல்ல, பிளேலிஸ்ட் வைத்திருப்பவர்களும் வலைப்பதிவர்களும் நம் பாட்டைக் கேட்டுப் பதில் சொல்லக் கட்டும் கட்டணம். கேட்பதற்குத்தான் காசு, சேர்ப்பதற்கு இல்லை. நிராகரித்தவர்கள் எழுதிய காரணங்களில் ஒன்றிரண்டு எனக்கு உண்மையிலேயே உதவின. 'முன்னிசை நீளம்' என்று நான்கு பேர் தனித்தனியாகச் சொன்னபிறகுதான் அந்த 26 நொடியை நான் திரும்பிப் பார்த்தேன்.

விளம்பரத்தை நிறுத்திய மறுவாரம் தினசரி எண்ணிக்கை பாதிக்குக் கீழே விழுந்தது. அது விழும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். விளம்பரம் தொடங்குவதற்கு முன்னால் எனக்கு நாளைக்கு ஏழெட்டுப் பேர்தான் வழக்கமாக இருந்தார்கள், இப்போது விளம்பரம் இல்லாமலே அறுபது, எழுபது பேர் இருக்கிறார்கள், மூன்று மாதமாக அது குறையவில்லை. பின்தொடர்பவர்களாக ஆனவர்களுக்கு அடுத்த பாட்டு ரிலீஸ் ரேடார் என்கிற புதுப்பாட்டுப் பட்டியலில் போய்ச் சேரும், வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்னதாகவே ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் பாட்டைச் சமர்ப்பித்துவிட்டால். நான்காவது பாட்டு மிக்ஸிங்கில் இருக்கிறது. முன்னிசை ஒன்பது நொடி. குரல் பதிவின்போது இந்த முறை போனை இரண்டு இடத்தில் சாய்த்து வைத்திருந்தேன்.